கொடி இறங்கிய இரண்டு நாட்கள்: டோட்டி, டி ரோஸ்ஸி, ரோமா ரசிகர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிய ஃபுட்பால் பார்க்கிறவன் என்று தெரிந்தால் நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். ஆட்டக்காரர் ஒருவர் கிளப்பை விட்டுப் போகிறார் என்பதற்காக ஒரு ஸ்டேடியமே உட்கார்ந்து அழுமா? ரோம் நகரத்தின் ரோமா கிளப்பின் இரண்டு கேப்டன்கள், 2017-ல் ஃபிரான்செஸ்கோ டோட்டியும் 2019-ல் டானியேலே டி ரோஸ்ஸியும், விடைபெற்ற வீடியோக்களை அனுப்பிவிட்டு, ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தனித்தனியாகப் பதில் தட்டிச் சலித்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே போட்டுவிடுகிறேன்.

ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். இதற்கு எதற்கு அழுகை?

வருவார்தான். பல நேரம் இன்னும் நன்றாக ஆடுகிறவரே வருவார்.

டோட்டி ரோமாவுக்காக முதன்முதலில் களமிறங்கியது 1993 மார்ச் 28, பிரெஷியா ஊரில். அப்போது வயது 16. கடைசி மேட்ச் 2017 மே 28. முதல் நாளில் பத்து வயதுப் பையனாக அப்பாவோடு ரேடியோ கேட்டவனுக்கு, கடைசி நாளில் 34 வயது. பக்கத்து சீட்டில் அவன் பிள்ளை உட்கார்ந்திருக்கும். நடுவில் பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். லிரா போய் யூரோ வந்தது. வேலை மாறியது, வீடு மாறியது, கூட உட்கார்ந்து மேட்ச் பார்த்த அப்பா இல்லாமல் போனார். மாறாமல் இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நின்ற அந்த ஒரு ஆள். அவரும் போகிறார் என்றால், அப்பா போனதும் சேர்ந்துதான் ஞாபகம் வரும். அந்த வீடியோவில் அழுகிறவர்களில் பாதிப் பேர் டோட்டிக்காக மட்டும் அழவில்லை என்பது என் கணிப்பு.

‘பந்தியேரா’ என்கிறார்களே, அது என்ன?

இத்தாலிய மொழியில் கொடி என்று அர்த்தம். ஒரே கிளப்போடு தன் பெயரை ஒட்டவைத்துக்கொண்ட ஆட்டக்காரரை அப்படி அழைப்பார்கள். தமிழில் கொடி கம்பத்திலும் பறக்கும், பந்தலிலும் படரும், தொப்புளிலிருந்தும் வரும். ரோமா ரசிகர்களிடம் இதைச் சொன்னால் மூன்றுமே சரி என்பார்கள்.

நீண்ட நாள் ஆடினால் மட்டும் பந்தியேரா ஆகிவிட முடியாது. போக வழி இருந்தும் போகாமல் இருந்திருக்க வேண்டும். டோட்டியை ரியல் மாட்ரிட் கூப்பிட்டது, அவர் போகவில்லை. போயிருந்தால் அலமாரியில் கோப்பைகள் நிறைந்திருக்கும். 1927-ல் தொடங்கிய ரோமாவிடம் லீக் பட்டம் மூன்றே மூன்று: 1942, 1983, 2001. இதைத் தெரிந்தே தங்கினார் என்பதுதான் ரசிகனைக் கட்டிப்போடுகிறது.

டோட்டியின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ரோமாவுக்காக 786 மேட்ச், 307 கோல். 1998 முதல் கேப்டன். 2001-ல் லீக் பட்டம், 2006-ல் இத்தாலியோடு உலகக் கோப்பை, 2007-ல் கோல் போடுகிறவர்களுக்கான ஐரோப்பிய விருதான தங்க பூட். சொந்த ஊர் ரோம். வேறு கிளப்புக்கு ஆடியதே இல்லை.

எண்களைவிட 2016 ஏப்ரல் 20-ஐத்தான் நான் சொல்வேன். டோரினோவோடு மேட்ச், ரோமா தோற்றுக்கொண்டிருக்கிறது. 39 வயது டோட்டியை 86-வது நிமிடத்தில் இறக்குகிறார்கள். வந்த கையோடு ஒரு கோல், சற்று நேரத்தில் ஒரு பெனால்டி, ரோமா 3-2 என்று ஜெயித்தது. அந்த சீசனில் கோச் ஸ்பலேட்டிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்காரவைத்திருந்தார்கள். அன்றைக்கு கேலரியில் ஒருவர் கண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து நின்றதைக் கேமரா பிடித்தது.

2017 மே 28 அன்று என்னதான் நடந்தது?

ஜெனோவாவோடு சீசனின் கடைசி மேட்ச். ரோமாவின் சொந்த மைதானமான ஸ்டேடியோ ஒலிம்பிகோ நிறைந்து வழிந்தது. ரோமா 3-2 என்று ஜெயித்தது, கடைசி நிமிடத்தில் பெரோட்டி கோல் போட்டார். லீக்கில் இரண்டாம் இடமும் கிடைத்தது. இது எதுவும் அன்று யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

டோட்டி இரண்டாவது பாதியில்தான் உள்ளே வந்தார். ஸ்பலேட்டியின் முகம் திரையில் தெரிந்தபோது கூட்டம் விசில் அடித்தது. (விசில் என்றதும் நம் தியேட்டர் ஞாபகத்தில் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய மைதானங்களில் விசில் என்றால் வசவு.)

மேட்ச் முடிந்த பிறகுதான் விஷயமே. மனைவி, பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றி நடந்தார். ஒரு பந்தில் ‘உன்னை நினைத்து ஏங்குவேன்’ என்று எழுதி, தீவிர ரசிகர்கள் நிற்கும் தெற்கு கேலரியான குர்வா சுத் பக்கம் உதைத்தார். கேப்டன் பட்டையைக் கழற்றி, கிளப்பின் சின்னஞ்சிறு பிள்ளைகள் அணிக்குக் கேப்டனாக இருந்த ஒரு சிறுவனிடம் கொடுத்தார். பிறகு மைக் பிடித்து, எழுதிக்கொண்டு வந்த கடிதத்தை வாசித்தார்.

அதில் ஒரு இடம். 2001 ஜூன் 17-ல், லீக் பட்டம் ஜெயித்த அன்று, நேரம் சீக்கிரம் ஓடிவிடாதா, இறுதி விசில் ஊதிவிட மாட்டார்களா என்று எல்லோரும் தவித்தோமே என்று நினைவுபடுத்துகிறார். இப்போது அதே நேரம் வந்து என் தோளைத் தட்டி, அரை டிரவுசரையும் பூட்ஸையும் கழற்று, நாளையிலிருந்து நீ பெரிய ஆள் என்கிறது என்றார். அப்போது அவருக்கு வயது 40. விளக்கை அணைப்பது லேசில்லை, பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். பயம் என்ற வார்த்தையை ஒரு கேப்டன் நிரம்பிய ஸ்டேடியத்தில் மைக்கில் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்படியானால் டோட்டியின் விடைபெறல் நல்லபடியாக முடிந்ததா?

வெளிப்பார்வைக்கு, ஆமாம். கல்யாணச் சாவு என்பார்களே, அது மாதிரி. மேளதாளத்தோடு.

உள்ளே அப்படி இல்லை. இதுதான் டோட்டியின் கடைசி சீசன் என்பது அந்த மாதத் தொடக்கத்தில் புதிதாக வந்த விளையாட்டு இயக்குநர் மோன்ச்சியின் வாயிலிருந்துதான் ஊருக்குத் தெரிந்தது. ஓய்வுக்குப் பின் டோட்டி கிளப் நிர்வாகத்தில் சேர்ந்து, இரண்டே வருஷத்தில் ராஜினாமா செய்தார். ஆட்டத்தை நிறுத்தியது தானாக எடுத்த முடிவில்லை, நிறுத்தவைத்தார்கள் என்பதையும் அப்போது வெளிப்படையாகவே சொன்னார். ராஜினாமா தேதி 2019 ஜூன் 17. பட்டம் ஜெயித்த அதே ஜூன் 17.

டி ரோஸ்ஸி யார்? டோட்டியின் நிழலில் இருந்தவர்தானே?

நிழலில் இருந்தார், நிழலாக இருந்ததில்லை.

ரோம் நகரம் கடலைத் தொடும் இடம் ஒஸ்தியா. அங்கே வளர்ந்தவர். அப்பா ரோமாவின் இளைஞர் அணிக்கு நெடுநாள் கோச். மகன் 2001 அக்டோபரில் முதல் அணிக்கு வந்தார். கவனியுங்கள், கிளப் லீக் பட்டம் ஜெயித்தது 2001 ஜூனில். நாலு மாதம் தள்ளி வந்தவர், பிறகு 18 வருஷம் ஆடியும் அந்தப் பட்டத்தைத் தொடவில்லை. 616 மேட்ச், 63 கோல், இரண்டு இத்தாலியக் கோப்பை, ஒரு சூப்பர் கோப்பை. அவ்வளவுதான் கணக்கு.

‘வருங்காலக் கேப்டன்’ என்ற பட்டப்பெயரை இளவயதிலேயே கொடுத்தார்கள். அந்த வருங்காலம் வர 2017 ஆகிவிட்டது. பட்டத்து இளவரசனாகவே தலை நரைத்தவர். தாடியில் நிஜமாகவே நரை வந்திருந்தது.

டோட்டி பந்தைத் தொட்டால் ஒரு வித்தை நடக்கும். டி ரோஸ்ஸி ஓடி விழுந்து எழுந்து, எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்குகிற மிட்ஃபீல்டர். கோல் விழுந்தால் கத்துவார், கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த நரம்பு ரோமில் தனிப் பிரசித்தம். டோட்டி மாதிரி ஆட யாருக்கும் வராது. கேலரியில் நிற்கிற சாதாரண ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினால் டி ரோஸ்ஸி மாதிரிதான் ஆட ஆசைப்படுவான். தன் ஒரே வருத்தம் ரோமாவுக்குக் கொடுக்க ஒரே ஒரு ஆட்டவாழ்க்கைதான் தன்னிடம் இருக்கிறது என்பதே என்று அவர் ஒருமுறை சொன்னார். மற்றவர் சொன்னால் வசனமாகத் தெரியும்.

2019-ல் ஏன் அவ்வளவு கோபம்? கான்ட்ராக்ட் முடிந்தது, போனார். அவ்வளவுதானே?

2019 மே 14. காலையில் கிளப்பிலிருந்து அறிவிப்பு: டி ரோஸ்ஸியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, பார்மாவோடு ஆடுவதுதான் கடைசி மேட்ச். அதே நாள் நிர்வாகியை அருகில் வைத்துக்கொண்டு டி ரோஸ்ஸி பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்தார். அழவில்லை, திட்டவில்லை. சீசன் முழுக்க யாரும் ஒப்பந்தப் பேச்சை எடுக்கவில்லை, அப்போதே புரிந்துகொண்டேன், நானும் விவரம் தெரிந்தவன்தான் என்கிற தோரணையில் பேசினார். கிளப் அவருக்கு நிர்வாகத்தில் ஒரு இடம் தரத் தயாராக இருந்தது. அவருக்கு இன்னும் ஆட வேண்டும். நடுவில் ஒரு வாக்கியம்: ‘நான் நிர்வாகியாக இருந்திருந்தால் எனக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருப்பேன்.’

நிர்வாகி பக்கத்திலேயே இருக்கிறார். குரல் உயரவில்லை, முகம் சுளிக்கவில்லை. அந்த இடத்தை நான் எத்தனை தரம் போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

டோட்டியின் கடிதத்தில் குற்றவாளி காலம். காலத்தோடு யாரும் சண்டை போட முடியாது, அழலாம். டி ரோஸ்ஸி விஷயத்தில் குற்றவாளிக்கு முகவரி இருந்தது. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் முன்னாலிருந்து இலையை இழுத்த மாதிரி. அவர் இன்னும் எவ்வளவு சாப்பிடுவார், பந்தியில் இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கப்புறம் யார் காதிலும் ஏறாது. ரசிகர்கள் டிரிகோரியாவில் இருக்கும் பயிற்சி மைதானத்துக்கும், யூர் பகுதியில் இருக்கும் கிளப் அலுவலகத்துக்கும் திரண்டு போனார்கள். அமெரிக்காவிலிருந்து கிளப்பை நடத்திய தலைவர் பல்லோட்டாவின் பெயரைச் சொல்லித் திட்டும் பேனர்கள் நகரமெங்கும் தொங்கின.

36 வயதை நெருங்கியவர், அடிக்கடி காயம். கிளப் செய்தது சரிதானே?

ஆட்டக் கணக்கில், ஒரு வேளை சரி. அந்த சீசனில் முழங்கால் காயத்தால் பல மேட்ச்கள் ஆடவில்லை. எனக்கும் அது தெரியும், குர்வா சுத்துக்கும் தெரியும். ஒரு வருஷம் குறைந்த சம்பளத்தில், ஆடுகிற மேட்ச்சுக்கு இவ்வளவு என்று பேசியிருக்கலாம். அதற்கும் மறுத்திருந்தால் ஜனவரியிலேயே உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். கடைசி மேட்ச்சுக்கு 12 நாள் முன்னால் ஊருக்குச் சொல்வது எந்தக் கணக்கிலும் சேராது.

அந்தக் கடைசி மேட்ச் எப்படி இருந்தது?

2019 மே 26, ரோமில் இரவு. நமக்கு நள்ளிரவு 12 மணி. வீட்டில் எல்லோரும் தூங்க, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். அங்கே மழை. இங்கே புழுக்கம், கரண்ட் போய்விடக் கூடாதே என்ற பயம் வேறு.

ரோமா 2-1. பார்மாவுக்கு கோல் போட்டவர் பழைய ரோமா ஆட்டக்காரர் ஜெர்வின்யோ. ரோமாவின் வெற்றி கோல் மீண்டும் பெரோட்டி. இரண்டு கேப்டன்களின் கடைசி மேட்ச்சிலும் கடைசி நேரத்தில் கோல் போட்டுக்கொடுத்தது அதே பெரோட்டி என்பதை யாராவது க்விஸ்ஸில் கேட்டால் பரிசு எனக்குத்தான்.

மேட்ச் முடிவதற்குச் சற்று முன் டி ரோஸ்ஸியை வெளியே எடுத்தார்கள். ஸ்டேடியம் எழுந்து நின்றது. முடிந்ததும் குடும்பத்தோடு மழையிலேயே மைதானத்தைச் சுற்றினார். டோட்டி வந்து கட்டிக்கொண்டார். அன்று ரோமாவின் தற்காலிகக் கோச் கிளாடியோ ரனியேரி, அதே ரோமில் பிறந்து ரோமாவுக்குக் கைதட்டி வளர்ந்தவர். அவருக்கும் அது கடைசி நாள், அவர் கண்ணும் கலங்கியது. 2017-ல் மாதிரி கடிதமோ மைக்கோ டி ரோஸ்ஸி எடுக்கவில்லை. நனைந்த சட்டையோடு நடந்தார், அவ்வளவுதான். எனக்கு இதுதான் அதிகம் வலித்தது.

எல்லா ஊரிலும்தான் கேப்டன்கள் போகிறார்கள். ரோமில் மட்டும் ஏன் இவ்வளவு?

அகொஸ்தினோ டி பார்த்தொலொமேய். இந்தப் பெயர் தெரியாமல் 2019-ன் கோபம் புரியாது.

ரோமின் பையன். 1983-ல், 41 வருஷம் கழித்து ரோமா லீக் பட்டம் வென்றபோது கேப்டன். அடுத்த வருஷம் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப் போட்டி, அதுவும் சொந்த ஸ்டேடியத்திலேயே, லிவர்பூலோடு. 1984 மே 30. 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. ரோமாவின் முதல் பெனால்டியை அவர் போட்டார், உள்ளே போனது. பிறகு வந்தவர்களில் இரண்டு பேர் தவறவிட்டார்கள். கோப்பை லிவர்பூலுக்கு.

அந்தக் கோடையில் கோச் லீட்ஹோம் மிலான் போனார். ரோமாவில் புதுக் கோச், வேகமான ஆட்டம் பற்றிய பேச்சு. டி பார்த்தொலொமேய் வேகமானவர் இல்லை. அவரும் மிலானுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய கடைசி மேட்ச்சில் குர்வா சுத் ஒரு பேனர் கட்டியது: ‘உன்னிடமிருந்து ரோமாவைப் பறித்தார்கள், உன் குர்வாவைப் பறிக்கவில்லை.’

பேனர் அப்படிச் சொன்னது. நடந்தது வேறு. அக்டோபரில் மிலானும் ரோமாவும் மோதின. ரோமாவுக்கு எதிராக அவர் கோல் போட்டார், போட்டுவிட்டு ஆவேசமாகக் கொண்டாடினார். அனுப்பியவர்களைப் பார்த்துச் செய்தது அது. ஆனால் ரசிகர்களுக்கும் தைத்தது. பின்பு ரோமுக்கு மிலான் சட்டையில் வந்தபோது அவருக்கும் விசில் அடித்தார்கள். ஒன்றும் பறிபோகவில்லை என்று எழுதிய அதே ஸ்டேடியம்.

ஓய்வுக்குப் பின் தெற்கே கடலோர ஊரொன்றில் வாழ்ந்தார். ரோமாவிலிருந்து அழைப்பு வரவில்லை. 1994 மே 30 அன்று, அந்த இறுதிப் போட்டிக்குச் சரியாகப் பத்து வருஷம் கழித்து, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 39. ஒரு மனிதர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பதை வெளியாட்கள் முழுசாகச் சொல்லிவிட முடியாது, ஒரு கிளப்பையோ கேலரியையோ கைகாட்டுவதும் நியாயமில்லை. ஆனால் அந்தத் தேதி ரோமில் இருக்கிற ஒவ்வொரு ரசிகருக்கும் தெரியும். ஒரு கேப்டனை வாசல்வரை வந்து வழியனுப்பாமல் விட்டுவிட்டோமோ என்ற உறுத்தல் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்திருக்கிறது. 2019-ல் டிரிகோரியா வாசலில் கத்தியவர்களில் பலர் 1984-ல் பிறந்திருக்கவே மாட்டார்கள். கத்தலில் 1984 இருந்தது.

மற்ற கிளப்புகளில் விடைபெறல் நன்றாக நடந்திருக்கிறதா?

நடந்ததும் உண்டு, கெட்டதும் உண்டு.

ரோமாவிலேயே ‘இளவரசர்’ ஜன்னீனி இருக்கிறார். 1996-ல் போனவர். 2000 மே மாதம் ஒலிம்பிகோவில் அவருக்கு விடைபெறும் மேட்ச் வைத்தார்கள். சில நாள் முன்னால்தான் அதே ஊரின் எதிரிக் கிளப் லாட்சியோ லீக் பட்டம் வென்றிருந்தது. ரோமா ரசிகர்கள் கடுப்பில் மைதானத்துக்குள் புகுந்து கோல் கம்பத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. மேட்ச் பாதியில் நின்றது, இளவரசர் அழுதார்.

மிலானின் பாவ்லோ மல்தினி 902 மேட்ச் ஆடியவர். 2009 மே மாதம் சொந்த மைதானத்தில் கடைசி மேட்ச், எதிரணி ரோமாதான். மிலானின் தீவிர ரசிகர்களில் ஒரு பகுதியினர் அவர் காதில் விழும்படி பழைய கேப்டன் பரேஸி ஒருவரே கேப்டன் என்று பாடினார்கள். முன்பு எப்போதோ அவர் தங்களைக் கண்டித்தார் என்ற பழைய கணக்கு. இதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

யுவெண்டஸின் டெல் பியேரோவுக்கு 2012-ல் இதுதான் கடைசி சீசன் என்பதை கிளப் தலைவர் பங்குதாரர் கூட்டத்தில் மாதங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். சொன்ன விதம் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ரசிகர்களுக்குத் தயாராக நேரம் கிடைத்தது. கடைசி ஹோம் மேட்ச்சில் அவரை மாற்றிய பிறகு ஆட்டம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, அவர் மைதான ஓரமாகச் சுற்றிவந்து கும்பிட்டுக்கொண்டே போனார். ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

காசில்லாஸ் 2015-ல் ரியல் மாட்ரிட்டை விட்டுப் போகும்போது பத்திரிகையாளர் முன்னால் தனியாக உட்கார்ந்து, கண்ணீரில் வாசிக்க முடியாமல் திணறினார். பக்கத்தில் கிளப் ஆள் ஒருவர்கூட இல்லை. மறுநாள் அவசரமாக ஒரு விழா வைத்தார்கள். மெஸ்ஸி 2021 ஆகஸ்டில் பார்சிலோனாவில் அழுதது எல்லோரும் பார்த்தது. ரசிகர்கள் இல்லாத அரங்கம் அது.

ஆட்டக்காரரே போக முடிவெடுத்தால்?

அது வேறு வலி. 2025-ல் லிவர்பூலின் சொந்த ஊர்ப் பிள்ளை டிரெண்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் போகிறேன் என்றதும் அடுத்து வந்த ஹோம் மேட்ச்சிலேயே சொந்த ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். பிறகு அவர் ரியல் மாட்ரிட் போனார். வேலை மாறுவது துரோகமா என்றால் இல்லை. ஆனால் கூச்சல் போட்டவரைப் பார்த்து நான் சிரிக்கவும் மாட்டேன்.

வேறு சட்டையில் பார்க்கும்போது எப்படி இருக்கும்?

டி ரோஸ்ஸி அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸுக்குப் போனார். கெட்டிக்காரத்தனமான தேர்வு: ரோமாவோடு மோதவே வாய்ப்பில்லாத தூரம். முதல் மேட்ச்சிலேயே தலையால் ஒரு கோல். நன்றாக இருந்தது, பார்க்கவும் பிடிக்கவில்லை. 2020 ஜனவரியில் ஓய்வு அறிவித்து ரோமுக்கே வந்துவிட்டார்.

வந்து என்ன செய்தார் தெரியுமா? அதே மாதம் ரோமா-லாட்சியோ மேட்ச். டி ரோஸ்ஸி ஒப்பனைக் கலைஞரைப் பிடித்து, பொய் மூக்கு, விக், தாடி எல்லாம் ஒட்டிக்கொண்டு, தொப்பி போட்டு, யாரோ ஒரு பெரியவர் மாதிரி குர்வா சுத்துக்குள் போய் நின்றுவிட்டார். 18 வருஷம் கீழே நின்று பார்த்த கேலரிக்குள் நின்று ஒரு டெர்பி, அதாவது ஒரே ஊர்க் கிளப்புகள் மோதும் மேட்ச், பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மேட்ச் 1-1. ஒப்பனை போட்டதையும் கேலரியில் நின்றதையும் பின்னர் மனைவி வீடியோவாக வெளியிட்டார்.

அதை யோசித்துப் பாருங்கள். அன்று அவர் தோளில் இடித்துக்கொண்டு பாட்டுப் பாடிய யாரோ ஒருவர், வீட்டுக்குப் போய், ‘டி ரோஸ்ஸி இருந்திருந்தால் ஜெயித்திருப்போம்’ என்று சொல்லியிருக்கக்கூடும்.

அவர்களுடைய ஜெர்சி நம்பர் என்ன ஆனது?

டோட்டியின் 10-க்கு அதிகாரபூர்வ ஓய்வு கிடையாது. இருந்தும் 2022-ல் வந்த டிபாலா, யுவெண்டஸில் 10 போட்டவர், ரோமாவில் 21 வாங்கிக்கொண்டார். டி ரோஸ்ஸியின் 16-ஐ 2023-ல் பரேடெஸ் எடுத்தார், அவரிடம் கேட்டுக்கொண்டு. கேட்டாரே, அது போதும்.

திரும்பி வந்தால் காயம் ஆறுமா?

ஆறியது, கொஞ்ச நாள். 2024 ஜனவரியில் மொரீன்யோவை நீக்கிவிட்டு டி ரோஸ்ஸியைக் கோச்சாகக் கொண்டுவந்தார்கள். கிளப் அப்போது வேறு அமெரிக்க முதலாளிகள், ஃபிரீட்கின் குடும்பத்தின் கையில். அணி எழுந்தது, கோடையில் மூன்று வருஷ ஒப்பந்தம் கொடுத்தார்கள். புது சீசனில் நாலே மேட்ச், மூன்று டிரா, ஒரு தோல்வி. செப்டம்பர் 18 அன்று நீக்கினார்கள்.

ஒரே ஆளை இரண்டு தரம் அனுப்பிய சாதனை! அடுத்த ஹோம் மேட்ச்சில் குர்வா சுத் முதல் அரை மணி நேரம் காலியாகக் கிடந்தது. வேண்டுமென்றே உள்ளே வரவில்லை. வந்த பிறகும் சொந்த ஆட்டக்காரர்களுக்கே விசில். கிளப்பின் தலைமை நிர்வாகி அதே நாளில் பதவி விலகினார். ரோமா அந்த மேட்ச்சை ஜெயித்தது. ஜெயித்ததைப் பார்த்து யாரும் சந்தோஷப்படவில்லை என்பதை டிவியிலேயே உணர முடிந்தது.

ரோமுக்கே போகாதவர் நீங்கள். உங்களுக்கு என்ன வந்தது?

சரியான கேள்வி. ரோம்காரர்களின் துக்கத்தில் பங்கு கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் நள்ளிரவில் சத்தம் குறைத்து வைத்துப் பார்த்த வருஷங்கள் என்னுடையவை. அந்த மழை ராத்திரியில் நான் நினைத்துக்கொண்டது காலேஜ் ஹாஸ்டலின் டிவி அறையை.

டி ரோஸ்ஸி பெயர் போட்ட பழைய ஜெர்சியை என்ன செய்வது?

என்ன செய்வது என்றால்? போட்டுக்கொள்ளுங்கள். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, பச்சைத் தண்ணீரில் கையால் அலசவும். பிரஷ் போட வேண்டாம். நிழலில் காயப்போடவும், வெயிலில் போட்டால் எழுத்து வெடித்து உரியும். அயர்ன் பாக்ஸை எழுத்தின் மேல் வைக்கவே கூடாது. என்னுடையதில் 6 ஏற்கெனவே பாதி உதிர்ந்து, தூரத்திலிருந்து பார்த்தால் 1 மட்டும்தான் தெரிகிறது. கோல்கீப்பரா என்று கேட்கிறார்கள்.